ஒரே வகை ரத்தம்தானே ஏற்றினார்கள், பிறகு ஏன் அழிகிறது?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. தங்கைக்குத் தலசீமியா, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய். சிறு வயதிலிருந்தே மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறீர்கள். இத்தனை வருடம் தொல்லை இல்லை. இந்த முறை ஏற்றிய எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது, சிறுநீர் கறுத்தது. ஹீமோகுளோபின் ஏற்றுவதற்கு முன்பிருந்த அளவுக்கே இறங்கிவிட்டது. ‘ஆன்டிபாடி வந்துவிட்டது, கூம்ப்ஸ் பாசிட்டிவ்’ என்று மருத்துவர் சொன்னார். ஆன்டிபாடி என்பது அந்நியப் பொருளை எதிர்க்க உடல் செய்யும் புரதம், கூம்ப்ஸ் என்பது அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை. பி பாசிட்டிவுக்கு பி பாசிட்டிவ்தானே கொடுத்தார்கள், தவறான ரத்தத்தை ஏற்றிவிட்டார்களா, இனி ரத்தமே ஏற்ற முடியாதா என்று கேட்கிறீர்கள்.

தவறான பை ஏற்றப்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏ, பி, ஓ வகை மாறியிருந்தால் எட்டு நாள் ஆகியிருக்காது. ஏற்றத் தொடங்கிய சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ குளிர் நடுக்கமும், இடுப்பு வலியும், ரத்த அழுத்தச் சரிவும் தெரிந்திருக்கும். எட்டாம் நாள் நடந்தது வேறு விஷயம். இனியும் ரத்தம் ஏற்றலாம். ஆனால் இதுவரை தேர்ந்தெடுத்ததுபோல் இல்லாமல், இன்னும் நுணுக்கமாகத் தேர்ந்தெடுத்த ரத்தம் வேண்டியிருக்கும்.

‘பி பாசிட்டிவ்’ என்ற பெயர் ஒரு சிவப்பணுவைப் பற்றி இரண்டே இரண்டு செய்திகளைத்தான் சொல்கிறது. அதன் மேற்பரப்பில் பி ஆன்டிஜன் (உடல் அடையாளம் கண்டு எதிர்க்கக்கூடிய குறி) இருக்கிறது, ஏ இல்லை என்பது ஒன்று. ஆர்எச் குடும்பத்தின் டி ஆன்டிஜன் இருக்கிறது என்பது மற்றொன்று. கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் ஏ, பி, ஓ பிரிவைக் காட்டினார். டி ஆன்டிஜன் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெரியவந்தது. இன்று 40க்கு மேற்பட்ட ரத்த வகைத் தொகுதிகளும், அவற்றுக்குள் 300க்கு மேற்பட்ட ஆன்டிஜன்களும் அறியப்பட்டிருக்கின்றன. ஆர்எச் குடும்பத்திலேயே பெரிய சி, சின்ன சி, பெரிய ஈ, சின்ன ஈ என்று மேலும் பல உண்டு. அது தவிர கெல், கிட், டஃபி, எம்என்எஸ் ஆகியவை இருக்கின்றன. 1950இல் டஃபி தொகுதி வெளிச்சத்துக்கு வந்ததே, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளியின் ரத்தத்தில் இருந்த ஆன்டிபாடியால்தான். அதாவது உங்கள் தங்கைக்கு நடந்தது போன்ற ஒரு நிகழ்வு வழியாகவே அறிவியல் அதைக் கண்டுகொண்டது.

ஆக, இரண்டு பி பாசிட்டிவ் நபர்கள் மற்ற எல்லாவற்றிலும் வேறுபட்டிருக்கலாம். எல்லா ஆன்டிஜன்களும் ஒத்துப்போக வேண்டுமானால் ஒரே கருவில் பிறந்த இரட்டையராக இருக்க வேண்டும். அது நடைமுறையில் ஆகாத காரியம். அதனால்தான் மிக ஆபத்தான ஏபிஓவையும், மிக எளிதில் எதிர்ப்பைக் கிளப்பும் டியையும் மட்டும் எல்லோருக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். வாழ்நாளில் ஓரிரு முறை ரத்தம் ஏற்றிக்கொள்பவருக்கு இதுவே பெரும்பாலும் போதும். வாழ்நாள் முழுக்க ஏற்றிக்கொள்பவருக்கு இது போதாது.

ஏ, பி ஆன்டிபாடிகள் தனி ரகம். ரத்தமே ஏற்றிக்கொள்ளாதவர்களுக்கும் பிறந்த சில மாதங்களில் அவை தாமாக வந்துவிடும். குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேற்பரப்பில் உள்ள ஒத்த சர்க்கரைப் பொருள்களே அதற்குத் தூண்டுதல் என்று கருதப்படுகிறது. மற்ற ஆன்டிபாடிகள் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. அந்நிய சிவப்பணு உடலுக்குள் வர வேண்டும். அது ரத்தம் ஏற்றுவதால் நேரலாம், கருவுற்றிருக்கும்போது குழந்தையின் ரத்தம் தாயிடம் கலப்பதாலும் நேரலாம். முதல் தடவை பார்க்கும்போது உடல் மெதுவாகத்தான் எதிர்வினை ஆற்றும். வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதற்குள் ஏற்றிய அணுக்களில் பெரும்பகுதி தம் ஆயுளை முடித்திருக்கும் என்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடியும், அதைச் செய்யத் தெரிந்த நினைவு செல்களும் உடலில் தங்கிவிடும்.

எல்லோருக்கும் இது நடப்பதில்லை. பொதுவாக ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் 2 முதல் 5 சதவீதம் பேருக்கே இப்படி ஆன்டிபாடி உண்டாகிறது. அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஏபிஓவும் டியும் மட்டும் பார்த்து ஏற்றினால் 20 முதல் 30 சதவீதம் வரை போகிறது. தலசீமியாவில் இடத்துக்கு இடம் எண்ணிக்கை வெகுவாக மாறுகிறது. எத்தனை பைகள் ஏறின என்பது ஒரு காரணம். கொடுப்பவரும் பெறுபவரும் வெவ்வேறு மரபுக் குழுக்களைச் சேர்ந்தவர்களாக இருந்தால் ஆன்டிஜன் வேற்றுமை கூடும், அது இன்னொன்று. ஏற்றும் நேரத்தில் உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தால் நோயெதிர்ப்பு மண்டலம் ஏற்கெனவே விழித்திருக்கும், அதுவும் சேரும். மிகச் சிறிய வயதிலேயே ரத்தம் ஏற்றத் தொடங்கிய தலசீமியா குழந்தைகளுக்கு ஆன்டிபாடி குறைவாகவே வருகிறது என்பது பலமுறை கவனிக்கப்பட்ட உண்மை. ஒரு ஆன்டிபாடி உண்டானவருக்கு அடுத்தது உண்டாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் தங்கைக்கு இப்போது கூடுதல் கவனம் தேவை என்று நான் சொல்வது அதனால்தான்.

இனி, எட்டாம் நாள் என்ன நடந்தது என்பதற்கு வருவோம். ஏற்றிய சிவப்பணுக்களில் தங்கையிடம் இல்லாத ஏதோ ஓர் ஆன்டிஜன் இருந்திருக்கிறது. அதை அவள் உடல் முன்பே ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். நினைவு செல்கள் சில நாட்களிலேயே ஐஜிஜி ஆன்டிபாடியைப் பெருமளவில் செய்யத் தொடங்கின. அவை ஏற்றிய அணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டன. ஒட்டியதால் மட்டும் அணு சாகாது. மண்ணீரலில் உள்ள மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்களிடம் ஐஜிஜியின் வால் பகுதியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அவை சில அணுக்களை முழுதாக விழுங்கும். சிலவற்றின் உறையைக் கொஞ்சம் கடித்து எடுத்துவிட்டு விடும். உறையை இழந்த அணு, நடுவில் குழிந்த தட்டு வடிவத்தை இழந்து உருண்டையாகிவிடும். உருண்டை அணு வளையாது. அடுத்த சுற்றில் மண்ணீரலின் குறுகலான இடுக்குகளில் நுழைய முடியாமல் அங்கேயே அழியும். உடைந்த ஹீமோகுளோபினிலிருந்து பிலிரூபின் உண்டாகிறது. கண்ணில் தெரிந்த மஞ்சள் அதுதான். கல்லீரல் கெட்டதால் வந்த காமாலை இல்லை.

சில ஆன்டிபாடிகள் இதோடு நிற்பதில்லை, காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதத் தொடரையும் தூண்டிவிடும். கிட் தொகுதிக்கு எதிரானவை இதில் பேர்போனவை. காம்ப்ளிமென்ட் பாதி வழி போனால் அணுவைக் கல்லீரலின் விழுங்கணுக்கள் பிடித்துக்கொள்ளும். முழு வழியும் போனால் அணுவின் உறையில் துளை விழுந்து ரத்தக் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். அப்போது ஹீமோகுளோபின் நேராகப் பிளாஸ்மாவில் கொட்டும். அதைப் பிடித்து அகற்றும் ஹாப்டோகுளோபின் தீர்ந்ததும் மிச்சம் சிறுநீரகம் வழியாக வெளியேறும். சிறுநீர் கோலா நிறத்திலோ கடுங்காப்பி நிறத்திலோ போவது அதனால்தான். சிறுநீரகத்துக்கு அது கெடுதி. ஆகவே சிறுநீர் கறுப்பதை ‘தண்ணீர் குறைவாகக் குடித்ததால் இருக்கும்’ என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இதற்கு மருத்துவத்தில் தாமத ரத்தச் சிதைவு எதிர்வினை என்று பெயர். ஏற்றிய 24 மணி நேரத்துக்குப் பிறகிலிருந்து 28 நாள் வரை எப்போது வந்தாலும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியும்.

கிராஸ் மேட்ச் செய்து, அதாவது பையின் அணுக்களை அவளுடைய பிளாஸ்மாவோடு சேர்த்துப் பார்த்து, பொருந்துகிறது என்றுதானே சொன்னார்கள் என்று நீங்கள் நிச்சயம் நினைப்பீர்கள். அன்றைக்குப் பொருந்தியது உண்மைதான், பரிசோதனையில் பிழை இருந்திருக்க வேண்டியதில்லை. ஆன்டிபாடி ரத்தத்தில் என்றென்றும் அதே அளவில் இருப்பதில்லை. அந்த ஆன்டிஜனை மீண்டும் பார்க்காவிட்டால் மாதங்களிலோ ஆண்டுகளிலோ குறைந்து, பரிசோதனை கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழே போய்விடும். நீறு பூத்த நெருப்பு அது. டெஸ்ட் நெகட்டிவ் என்று வரும், நினைவு செல்கள் அப்படியே இருக்கும். கிட் ஆன்டிபாடிகள் இப்படி மறைவதில் மிகவும் தேர்ந்தவை. பரிசோதனை அணுக்களில் அந்த ஆன்டிஜன் இரட்டை அளவில் இருந்தால்தான் சில கிட் ஆன்டிபாடிகள் தென்படும், ஒற்றை அளவு அணுக்களோடு சேர்த்துப் பார்த்தால் தப்பிவிடும். தாமத எதிர்வினைகளில் கிட் பெயர் அடிக்கடி அடிபடுவது இதனால்தான்.

என் கருத்தில், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் விஷயத்தில் நாம் மிக அலட்சியமாக விட்டுவிடுவது இதைத்தான். பழைய பாசிட்டிவ் முடிவை இன்றைய நெகட்டிவ் முடிவு ரத்து செய்யாது. ஐந்து வருடத்துக்கு முன் ஒருமுறை கிட் தொகுதியின் ‘ஜேகே-ஏ’ ஆன்டிஜனுக்கு எதிரான ஆன்டிபாடி கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், அதன் பிறகு அது எத்தனை முறை தென்படாமல் போனாலும், வாழ்நாள் முழுக்க ஜேகே-ஏ இல்லாத ரத்தம்தான் ஏற்ற வேண்டும். அந்தத் தகவல் ஒரு மருத்துவமனையின் கணினியில் இருக்கும். அவசரத்துக்கு வேறு மருத்துவமனைக்குப் போனால் அவர்களுக்கு அது தெரியாது. அவர்களின் பரிசோதனையும் சுத்தமாக வரும். நல்ல நோக்கத்தோடு, முறை தவறாமல், ஆபத்தான பையை ஏற்றிவிடுவார்கள். அந்தத் தகவலை நோயாளி தன்னோடு வைத்திருந்தால் இது நடக்காது.

கூம்ப்ஸ் பாசிட்டிவ் என்றால் என்ன என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். 1945இல் ராபின் கூம்ப்ஸும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறை இது. ஐஜிஜி சிறிய மூலக்கூறு. இரண்டு சிவப்பணுக்களை இழுத்துச் சேர்த்து வெறும் கண்ணுக்குத் தெரியும் கட்டியாக்க அதனால் பெரும்பாலும் முடியாது. மனித ஐஜிஜியைப் பற்றிக்கொள்ளும் இன்னொரு ஆன்டிபாடியைச் சேர்த்தால் அணுக்கள் ஒட்டித் திரளும். நோயாளியின் அணுக்கள் மேல் ஏற்கெனவே ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது நேரடி கூம்ப்ஸ். பிளாஸ்மாவில் மிதக்கும் ஆன்டிபாடியைத் தெரிந்த அணுக்களோடு சேர்த்துப் பார்ப்பது மறைமுக கூம்ப்ஸ், ஆன்டிபாடி ஸ்கிரீனிங் என்பதும் இதன் அடிப்படையில்தான். நேரடி கூம்ப்ஸ் பாசிட்டிவ் என்பதால் மட்டும் அணுக்கள் அழிகின்றன என்று முடிவு செய்ய முடியாது. நெகட்டிவ் என்பதால் அழியவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆன்டிபாடி ஒட்டிய அணுக்கள் எல்லாம் அதற்குள் அழிந்து தீர்ந்திருந்தால் ஒட்டியிருப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. அதனால் எல்டிஹெச் (அணுக்கள் உடையும்போது ரத்தத்தில் கூடும் நொதி), பிலிரூபின், ஹாப்டோகுளோபின், ஹீமோகுளோபின் இறங்கும் வேகம் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பார்கள். தலசீமியாவில் ஒரு சிக்கல் உண்டு. பிலிரூபின் எப்போதுமே கொஞ்சம் கூடியும் ஹாப்டோகுளோபின் எப்போதுமே குறைந்தும் இருக்கும். பொது அளவோடு ஒப்பிட்டால் எதுவும் விளங்காது. அவளுடைய பழைய அறிக்கைகளோடு ஒப்பிட வேண்டும். பழைய தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, இது அலோ ஆன்டிபாடியா, ஆட்டோ ஆன்டிபாடியா என்பது. அலோ என்றால் பிறருடைய அணுக்களில் உள்ள குறிப்பிட்ட ஓர் ஆன்டிஜனுக்கு எதிரானது. அது எதற்கு எதிரானது என்று கண்டுபிடித்து, அந்த ஆன்டிஜன் இல்லாத பையைக் கொடுத்தால் அணுக்கள் தங்கும். ஆட்டோ என்றால் சொந்த அணுக்களையே எதிர்ப்பது. பலமுறை ரத்தம் ஏற்றியவர்களுக்கு அதுவும் வருவதுண்டு, சில சமயம் இரண்டும் சேர்ந்தே வரும். ஆட்டோ ஆன்டிபாடி இருந்தால் பரிசோதிக்கும் எல்லா அணுக்களும் திரளும், எந்தப் பையும் பொருந்தாததுபோல் தெரியும். அந்த இரைச்சலுக்கு அடியில் ஓர் அலோ ஆன்டிபாடி ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, ஆட்டோ ஆன்டிபாடியை வேறு அணுக்களில் உறிஞ்சவைத்து அகற்றும் அட்சார்ப்ஷன் என்ற வேலை நடக்க வேண்டும். கடந்த மூன்று மாதங்களுக்குள் ரத்தம் ஏற்றியவருக்கு இதைச் சொந்த அணுக்களை வைத்துச் செய்வது சரியாகாது. அவற்றோடு கலந்திருக்கும் தானம் பெற்ற அணுக்கள், தேடும் அலோ ஆன்டிபாடியையும் சேர்த்து உறிஞ்சிவிடும். பொறுமையான, நேரம் பிடிக்கும் வேலை இது. ரத்த வங்கி ‘நாளை வாருங்கள்’ என்றால் பல சமயம் காரணம் இதுதான். ஸ்டீராய்டு மருந்து ஆட்டோ ஆன்டிபாடிக்கு முதல் சிகிச்சை. அலோ ஆன்டிபாடிக்கு உண்மையான தீர்வு சரியான பை.

அரிதான, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. சிலருக்கு ஏற்றிய அணுக்களோடு சொந்த அணுக்களும் சேர்ந்து அழிந்து, ஹீமோகுளோபின் ஏற்றுவதற்கு முன்பிருந்ததைவிடக் கீழே போய்விடும். ஹைப்பர்ஹீமாலிசிஸ் என்பார்கள். அரிவாள் செல் நோயில் அதிகம், தலசீமியாவிலும் வருவதுண்டு. இறங்குகிறதே என்று மேலும் மேலும் ரத்தம் ஏற்றினால் நிலைமை மோசமாகும். உயிருக்கு ஆபத்தில்லாத வரை ஏற்றுவதை நிறுத்திவைத்து, ஸ்டீராய்டும் நரம்பு வழி இம்யூனோகுளோபுலினும் கொடுப்பதே வழக்கம். ‘இறங்கினால் ஏற்று’ என்று வருடக்கணக்கில் பழகிய குடும்பங்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது மிகக் கடினம். அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். உங்கள் தங்கைக்கு முன்பிருந்த அளவோடு நின்றிருப்பது ஓரளவு ஆறுதல், ஆனாலும் அடுத்த சில நாட்கள் கவனமாகப் பார்க்க வேண்டும்.

சரியான பை கிடைக்குமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜேகே-ஏ இல்லாதவர்கள் பல மக்கள் குழுக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர். பெரிய ஈ இல்லாதவர்கள் ஐவரில் நால்வர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஆன்டிபாடி இருந்தால், பொருந்தும் ஏபிஓ வகையில் 100 பைகளை எடுத்தால் சுமார் 20 தேறும். தேட வேண்டும், ஆனால் கிடைக்கும். ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் ஓர் ஆன்டிஜனுக்கு எதிராக ஆன்டிபாடி வந்தால்தான் உண்மையான நெருக்கடி. அப்போது அரிய வகைக் கொடையாளர் பட்டியலையும், உறையவைத்துச் சேமித்த அணுக்களையும் நாட வேண்டியிருக்கும்.

வெள்ளணு நீக்கும் ஃபில்டர் போட்டால் இந்த ஆன்டிபாடி வராதா, கதிர்வீச்சு செய்தால் வராதா என்று பலர் கேட்கிறார்கள். ஆன்டிஜன் சிவப்பணுவின் மேலேயே இருக்கிறது. ஃபில்டரும் கதிர்வீச்சும் அதைத் தொடுவதில்லை. அவற்றின் பயன் வேறு.

தடுக்கும் வழி பொருத்தத்தை அகலப்படுத்துவதுதான். தலசீமியாவுக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள் ஏபிஓ, டியோடு பெரிய சி, சின்ன சி, பெரிய ஈ, சின்ன ஈ, கெல் ஆகியவற்றையும் பொருத்தச் சொல்கின்றன. இதற்கு முதல் ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே குழந்தையின் முழு ஆன்டிஜன் வகைப்பாட்டைச் செய்து வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு எடுக்கும் மாதிரியில் பிறர் அணுக்களும் கலந்திருப்பதால் சாதாரண முறை குழப்பும். தங்கைக்கு அப்போது செய்யவில்லை என்றாலும் வழி இருக்கிறது. வெள்ளணுக்களின் டிஎன்ஏவிலிருந்து சிவப்பணு ஆன்டிஜன்களைக் கணிக்கும் பரிசோதனைக்கு ஏற்றிய ரத்தம் குறுக்கே நிற்பதில்லை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்தால் போதும். வாய்ப்பிருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

ஒவ்வொரு முறையும் கிராஸ் மேட்சுக்குப் புதிய மாதிரி கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அண்மையில் ரத்தம் ஏற்றியவருக்கு மூன்று நாளுக்கு மேற்பட்ட மாதிரி செல்லாது. புதிய ஆன்டிபாடி அந்த இடைவெளியில் எழும்பியிருக்கலாம்.

நீங்களே ரத்தம் கொடுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். உடன்பிறந்தவர் என்பதால் ஆன்டிஜன்கள் ஒத்துப்போகும் வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். எதிர்காலத்தில் தங்கைக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நடக்குமானால் பொருத்தமான கொடையாளராக நீங்கள் இருக்கக்கூடும். இப்போது உங்கள் ரத்தத்தை ஏற்றினால் அவள் உடல் உங்கள் திசுக்களுக்கு எதிராகத் தயாராகிவிடும் ஆபத்து உண்டு. தவிர, நெருங்கிய உறவினர் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் பெறுபவரின் உடலில் தங்கிப் பெருகி, அவருடைய உறுப்புகளையே தாக்கும் அரிதான, பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் நிலை இருக்கிறது. அதைத் தடுக்க உறவினர் ரத்தத்துக்குக் கதிர்வீச்சு கட்டாயம் வேண்டும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. எந்த ஆன்டிபாடி, எந்தத் தேதியில், எந்தப் பரிசோதனைக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்று ரத்த வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘ஆன்டிபாடி பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதித் தந்தால் போதாது, பெயர் வேண்டும். ஆன்டிஜன் வகைப்பாடு இருந்தால் அதையும் சேர்த்து ஒரு சிறிய அட்டையில் எழுதி அவளுடைய பையில் ஒன்று, உங்கள் கைபேசியில் படமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏற்றுதலுக்குப் பிறகு முதல் இரண்டு வாரங்களில் ஓரிரு முறை ஹீமோகுளோபின் பார்த்துக் குறித்துவையுங்கள். நாலு வாரம் தாங்கியது இரண்டரை வாரமாகச் சுருங்கினால், காய்ச்சலோ மஞ்சளோ இல்லாவிட்டாலும் மறுபடி ஆன்டிபாடி ஸ்கிரீனிங் கேளுங்கள். மண்ணீரல் வீங்கியிருப்பதும் இப்படிச் சுருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் மறுபடி கறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் அளவு குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதலில் கொடுக்க வேண்டிய தகவல், அவளுக்குக் கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி.

தங்கைக்கு நாளை திருமணமாகிக் கருவுற்றால் மகப்பேறு மருத்துவரிடமும் அந்த அட்டையைக் காட்ட வேண்டும். ஐஜிஜி ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் போகும். அப்பாவிடமிருந்து அந்த ஆன்டிஜனைக் குழந்தை பெற்றிருந்தால் கருவிலேயே அதன் சிவப்பணுக்கள் அழியலாம். கெல் ஆன்டிபாடியாக இருந்தால் குழந்தையின் சிவப்பணு உற்பத்தியையே அது அடக்கும். முன்பே தெரிந்திருந்தால் ஸ்கேன் மூலம் கண்காணித்து, தேவைப்பட்டால் கருவிலிருக்கும்போதே குழந்தைக்குப் பொருத்தமான ரத்தம் ஏற்றும் வசதி இன்று இருக்கிறது.